பாலாற்றுக்குப் பிணை நிற்பவர் யார்?

உயிர் என்னும் சொல்லை இக்காலத்தார் எல்லாவற்றுக்கும் தாராளமாக வழங்குகின்றனர். காடு ஓர் உயிர் என்கின்றனர். ஆறு ஓர் உயிர் என்கின்றனர். மண்ணும் நீரும் காற்றும் அவற்றில் வாழ்வனவும் கூடிய இப்பூவுலகமே ஒரு பேருயிர் போன்றது என்று கூறுவாரும் உளர். ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'காயா' என்னும் நூல் இக்கருத்தை உலகறியச் செய்தது. உயிர்களும் அவற்றின் சூழலும் ஒன்றையொன்று சீர்செய்து கொள்வதனாலேயே பூமி நெடுங்காலமாக வாழ்வதற்கேற்ற நிலையில் இருந்து வருகிறது என்பது அவர் கொள்கை. இனம் பெருக்காத ஒன்றை உயிர் என்பது எங்ஙனம் பொருந்தும் என்று உயிர்நூல் அறிஞர் பலர் மறுத்தனர். அந்த வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. பல உறுப்புகள் கூடி இயங்கும் ஓர் அமைப்பை உயிருள்ளதாகக் காணும் பார்வை நம் நூல்களிலேயே உண்டு. அந்நூல்கள் இப்பார்வையைக் கொண்டு என்ன செய்தன, எங்கே நின்றுவிட்டன என்பதை ஆராய்வதே நம் கருத்து. பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இது வெறும் நூலாராய்ச்சி ஆகாது. தோல் பதனிட்டு உண்பவரும், அதே கரையில் உழுது உண்பவரும் நம்மிடையே உள்ளனர். ஆறு உயிருள்ளது என்று ஒப்புக்கொண்டால் அதற்கு நாம் தர வேண்டிய ஹக்கு யாது என்னும் வினா உடனே எழுந்துவிடும்.

இரு மொழிகளின் இலக்கணம்

முதலில் மொழியைக் காண்போம். தமிழ் இலக்கணம் உலகப் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தது. ஆடும் அஃறிணை, ஆறும் அஃறிணை. உயிர் உண்டா இல்லையா என்பதைக் கொண்டு இப்பகுப்பு அமையவில்லை. தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் ஓரறிவுடையவை என்பதில் தொடங்கி, மக்கள் ஆறறிவுடையர் என்பது வரை உயிர்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் ஆற்றுக்கு இடமில்லை. ஆயினும், அஃறிணையை உயர்திணையாகச் சொல்ல ஒரு வாயிலை நம் இலக்கணிகள் திறந்து வைத்தனர். உவப்பினால் பசுவைத் தாய் என்று அழைத்தால் அது வழுவாயினும் அமைத்துக்கொள்ளப்படும் என்றனர். நாம் பாலாற்றைத் தாய் என்பதும் இந்த உவப்பு வழியே ஆகும்.

அரபு இலக்கணத்திலும் அறிவுடையவை, அறிவில்லாதவை என்னும் பகுப்பு உண்டு. அறிவில்லாதவற்றின் பன்மையை ஒருமைப் பெண்பாலாக வழங்குவது பெருவழக்கு. ஆனால், திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தில், கனவில் பணிந்த விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் அறிவுடையோர்க்குரிய பன்மையாலேயே சொல்லப்படுகின்றன. நம்லு அத்தியாயத்தில் எறும்பு தன் கூட்டத்தாரை விளிக்கும் இடத்திலும் அவ்வாறே. அறிவுடையோர் செய்யும் செயல் அவற்றினிடம் காணப்பட்டதால் அறிவுடையோர்க்குரிய சொல் வந்தது என விரிவுரையாளர் விளக்கினர்.

இவ்வேற்றுமை ஈண்டு நோக்கத்தக்கது. தமிழ் அன்பினால் திணையை உயர்த்துகிறது. அரபு செயலைக் கண்டு உயர்த்துகிறது. ஆற்றை உயிர் என்பார் பெரும்பாலும் அன்பினால் சொல்கின்றனர். அன்பு நன்று, ஆயினும், தாய் என்று வாயால் வாழ்த்திக்கொண்டே அவள் மடியில் கழிவைக் கொட்டுவதற்கு அது தடையாக இருந்ததில்லை. ஆகவே, செயலைக் கண்டு பேசிய நூல்களை நாடுவோம்.

முறையிட்ட விலங்குகள்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழுவினர் ஐம்பதுக்கு மேற்பட்ட நிருபங்கள் எழுதினர். அவற்றுள் மனித உடலை உலகோடு ஒப்பிடும் நிருபம் ஒன்று உண்டு. எலும்பு மலையாகவும், குடல் பேராறாகவும், நரம்பு ஓடையாகவும், மயிர் பயிராகவும் அங்கே காட்டப்படுகின்றன. மற்றொரு நிருபத்தில் உலகமே ஒரு பெரிய மனிதன் என்னும் முன்னோர் கூற்று ஆராயப்படுகிறது. அமைப்பை உயிராகக் காணும் பார்வை இவர்களிடம் முழு வளர்ச்சி பெற்றிருந்தது.

எனினும், இவர்கள் நூலில் நிலைத்த புகழ் பெற்றது விலங்குகளின் வழக்கே. மனிதர் ஒரு தீவில் வந்திறங்கி, அங்குள்ள விலங்குகளெல்லாம் தம் அடிமைகள் என்கின்றனர். விலங்குகள் ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. சுமை சுமப்பவை, வேட்டையாடுபவை, பறப்பவை, ஊர்பவை, நீரில் வாழ்பவை என ஒவ்வோர் இனமும் தன் பேராளரை அனுப்பி வாதாடுகிறது. 1810-ஆம் ஆண்டில் மௌலவி இக்ராம் அலி கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக இதனை உருதுவில் பெயர்த்தார். உருது வழங்கும் நம் வட்டாரத்துப் பெரியோர் சிலர் வீட்டு அலமாரிகளில் அந்நூலைக் காணலாம்.

அக்கதையின் சிறப்பு, வாயில்லாப் பிராணிக்கு வாய் கொடுத்ததோடு முடியவில்லை. மனிதன் கொண்டுவரும் ஒவ்வொரு பெருமையையும் விலங்குகள் விடை கூறி வீழ்த்துகின்றன. உருவ அழகு, அறிவு, கைத்தொழில் ஆகிய எதுவும் அவனுக்கு வெற்றி தரவில்லை. மறுமையில் என்றும் வாழ்வோம், கேள்வி கணக்கிற்கு ஆளாவோம் என்பது ஒன்றே இறுதியில் அவன் பக்கம் தீர்ப்பைத் திருப்புகிறது. அஃதாவது, விசாரணைக்கு உட்பட்டவன் என்பதனாலேயே மனிதனுக்கு ஆட்சி கிடைத்தது. விசாரணையை மறந்தவன் அத்தீர்ப்பைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது.

குறையும் உண்டு. அந்த மன்றத்தில் விலங்குகள் மட்டுமே பேசின. ஆறு வரவில்லை, மண் வரவில்லை. உலகைப் பெரிய மனிதன் என்று ஒரு நிருபத்தில் எழுதியவர்கள், வழக்கு என்று வந்தபோது அந்தப் பெரிய மனிதனுக்கு ஒரு பேராளரை அனுப்பவில்லை. நீரில் வாழ்வன வாதாடின, நீர் வாதாடவில்லை.

ஹய்யு கண்ட பேருயிர்

இக்குறையை நிரப்ப முயன்றவர் அந்தலுஸியா நாட்டு மருத்துவரும் மெய்ஞ்ஞானியுமான இப்னு துஃபைல். 1185-ஆம் ஆண்டில் மராக்கிஷ் நகரில் மறைந்த இவர் எழுதிய கதை 'ஹய்யு இப்னு யக்ழான்'. ஹய்யு என்றால் உயிருள்ளவன். யக்ழான் என்றால் விழித்திருப்பவன். இந்தியத் தீவுகளுள் ஒன்றில் தனியே வளரும் குழந்தையின் கதை இது. 1671-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் இலத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சேறி ஐரோப்பா முழுதும் பரவியது.

குழந்தைக்குப் பாலூட்டி வளர்த்தது ஒரு பெண்மான். ஹய்யுக்கு ஏழு வயதானபோது அது இறந்துவிடுகிறது. கண்ணும் காதும் காலும் குறைவின்றி இருக்கின்றன. அசைவு மட்டும் இல்லை. கோளாறு உள்ளே எங்கோ இருப்பதாக எண்ணி அவன் அதன் மார்பைப் பிளந்து பார்க்கிறான். இதயத்தின் இடது அறை வெறுமையாக இருக்கிறது. அங்கே குடியிருந்த ஒன்று போய்விட்டது என்றும், தான் தாய் என நேசித்தது அந்த ஒன்றையே என்றும் உணர்கிறான். உறுப்புகள் பல, அவற்றை ஆள்வது ஒன்று. உயிர் என்பது இந்த ஒருமையே என்பது அவன் கற்ற முதற்பாடம்.

அதன்பின் அவன் பார்வை விரிகிறது. ஒரு நீரைப் பல பாத்திரங்களில் பகிர்ந்து வைத்தாற்போல ஓரினத்து உயிர்களிடையே ஒரே தன்மை பரந்திருப்பதைக் காண்கிறான். முடிவில் விண்ணும் மண்ணும் கூடிய உலகனைத்தும் ஒரே விலங்கு போன்றது எனக் கருதுகிறான். விண்மீன்கள் அதன் புலன்கள், வானமண்டலங்கள் அதன் உறுப்புகள், நாம் வாழும் இப்பகுதி அதன் வயிறு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வானம் உயிருள்ளது, தன் விருப்பினால் சுழல்கிறது என்று தத்துவவாதிகள் கூறியதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'தஹாஃபுத்' நூலில் தனித் தலைப்பிட்டு மறுத்துள்ளார். எந்தப் பொருளிலும் உயிரைப் படைக்க இறைவன் ஆற்றலுடையவன் என்பதை இமாமவர்கள் மறுக்கவில்லை. பகுத்தறிவு கொண்டு அதனை நிரூபித்துவிட்டோம் என்னும் துணிவையே மறுத்தார்கள். நமக்கும் அந்த அடக்கம் தேவை. அமைப்பை உயிராகக் காண்பது ஒரு பார்வை. அது அகீதா ஆகிவிடாது. வணக்கத்திற்கும் இட்டுச் செல்லாது. பார்வையின் மதிப்பை அது பிறப்பிக்கும் நடத்தையைக் கொண்டே அளக்க வேண்டும்.

அவ்வாறு அளந்தாலும் ஹய்யு உயர்ந்தே நிற்கிறான். கனியைத் தின்றால் விதையைக் காக்கிறான். அதைப் பாறையிலோ உவர்நிலத்திலோ எறியாமல் முளைக்கும் இடத்தில் இடுகிறான். வெயில் மறைக்கப்பட்ட செடிக்கு வெயில் வரச் செய்கிறான். வாடியதற்கு நீர் வார்க்கிறான். செடிக்கோ விலங்கிற்கோ பாயும் நீரைக் கல் விழுந்தோ கரை சரிந்தோ தடுத்திருக்கக் கண்டால் அத்தடையை நீக்குகிறான். இத்தனைக்கும் அவனும் தோலை உடுத்தவன். தோலால் காலணி செய்துகொண்டவன். விலங்கின் தோலை அணிந்தவனே ஓடையின் வழியையும் திறந்துவிட்டான் என்பதைத் தோல் தொழிலில் வளர்ந்த நம் ஊரார் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

ஆனால், கதை அங்கே நிற்கவில்லை. ஹய்யு மேலும் உயர விழைகிறான். செடி கொடிகளைப் பேணுவதும் நீர்வழியைத் திறப்பதுங்கூட உடல் சார்ந்த செயல்களே எனக் கருதி, அவற்றையும் கைவிட்டுக் குகைக்குள் தியானத்தில் அமர்கிறான். ஓடையில் மறுபடி கல் விழுந்தால் எடுப்பவர் யார் என்று ஆசிரியர் கேட்கவில்லை. பின்னர் மக்கள் வாழும் தீவுக்குச் சென்று தான் கண்டதை உரைக்கிறான், அவர்கள் ஏற்கவில்லை. ஷரீஅத்தின் வெளி ஒழுங்கைப் பற்றி நில்லுங்கள் என்று கூறிவிட்டுத் தன் தீவுக்கே திரும்புகிறான். இவ்விடத்தில் நாம் இப்னு துஃபைலோடு உடன்பட இயலவில்லை. பேணுதல் அவருக்கு ஞானம் ஏறும் படிக்கட்டாக இருந்தது. ஏறியபின் படிக்கட்டு மறந்துபோயிற்று.

பிணைமானும் பிணையும்

அரபு நூல்கள் விட்ட இடத்தை ஒரு தமிழ்க் காப்பியம் தொடுகிறது என்பது நம் துணிபு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' உண்டு. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் கண்ட மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப விடை கேட்கிறது. நபியவர்கள் அதற்காக வேடனிடம் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி மீண்டு வருகிறது. வேடன் உள்ளம் மாறுகிறான்.

பிணை என்னும் சொல்லுக்குத் தமிழில் பெண்மான் என்றும் பொருள்; ஜாமீன் என்றும் பொருள். பிணைக்குப் பிணை நின்றார் என்னும்போது ஒரே சொல் காக்கப்படுவதையும் காப்பவரின் பொறுப்பையும் சுட்டி நிற்கிறது. இது வெறும் சொல்விளையாட்டாக நின்றுவிடவில்லை. இக்வானுஸ் ஸஃபாவின் விலங்குகள் தாமே வாதாடின. ஹய்யு தன் மானின் உயிர் எங்கே என்று தேடினான். சீறாவில் ஒருவர் முன்வந்து, இந்த உயிரின் பொருட்டு நான் பொறுப்பு என்கிறார். வேடனின் உரிமையையும் அவர் மறுக்கவில்லை; அவன் பிழைப்புக்குத் தம்மையே ஈடாக வைக்கிறார். மான் மீண்டு வரும்வரை அவர் அவ்விடம் விட்டு அகலவில்லை. உயிருள்ளது என்று சொல்வதற்கும், அதற்காகப் பிணை நிற்பதற்கும் உள்ள தொலைவு இது.

ஆற்றின் நாடி

இந்த அளவுகோலோடு பாலாற்றுக்கு வருவோம். கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரம் வழியே நம் மாநிலம் புகுந்து, வாயலூர் அருகே கடல் சேரும் இவ்வாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே மணலாகக் கிடந்து, உள்ளே ஊற்றாக வாழும் ஆறு இது. மழையை மணல் பிடித்து வைக்கும்; மணல் கிணறுகளுக்கும் ஏரிகளுக்கும் கசியவிடும்; கிணறு பயிருக்கும் மனிதருக்கும் ஊட்டும். செயலால் நோக்கின் இது உயிரின் ஒழுங்கேயாகும்.

சினமும் இதற்கு உண்டு. 1903-ஆம் ஆண்டு நவம்பரில் பெருகிய வெள்ளம் வாணியம்பாடியின் பெரும்பகுதியை அழித்தது. வறண்டு முடிந்துவிட்டது என்று பலர் கைவிட்ட பின்னரும் 2021 நவம்பரில் இருகரையும் புரள ஓடியது.

நோயும் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்திலேயே கழிவுநீர் இருந்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலை ஊக்குவித்தபின் குரோமியம் கொண்டு பதனிடுவது பெருகிற்று. பச்சைத்தோல் கெடாமலிருக்க இடும் உப்பும் கழிவோடு சேர்ந்து மண்ணில் இறங்கியது. 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டி, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. விதையை உவர்நிலத்தில் எறியாத ஹய்யுவின் ஒழுக்கத்தை இங்கே நினைக்கிறோம். நம் வட்டாரத்திலோ விதை இருந்த நிலமே உவராயிற்று.

இவ்வமைப்பில் மனிதரும் உறுப்பினரே. இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் எண்ணற்றவை; அவர்களை விலக்கிவிட்டு ஆற்றை மட்டும் உயிர் என்பது நீதியாகாது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். ஆற்றை நோகச் செய்த அதே கழிவு அதன் அருகே உழைத்தவரையும் விழுங்கியது. ஓருறுப்பின் நோய் மற்றதையும் தாக்கும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

நம் ஃபிக்ஹு நூல்கள் நீரின் நிலையை நிறம், சுவை, வாசனை என்னும் மூன்றால் சோதிக்கின்றன. மருத்துவன் நாடி பார்ப்பது போன்ற முறை இது. தோலைப் பதனிட்டால் அது தூய்மையாகும் என்பதும் அதே நூல்களின் சட்டமே. தோலுக்குத் தூய்மை தரும் தொழில், நீரின் இம்மூன்று தன்மைகளையும் பறித்துக்கொண்டால், ஒரு பக்கத்தைப் படித்து மறுபக்கத்தைப் புரட்டாமல் விட்டவர் ஆவோம்.

சட்டத்தின் பிணை

ஆற்றுக்குச் சட்டத்தில் ஆள்தன்மை தரும் முயற்சிகள் அண்மையில் நடந்துள்ளன. 2017 மார்ச்சில் நியூசிலாந்து நாடு வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்று, அரசின் சார்பில் ஒருவரும் அவ்வாற்றின் மாவோரி மக்கள் சார்பில் ஒருவருமாக இரு காப்பாளரை அமைத்தது. அதே மாதத்தில் உத்தராகண்டு உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் உயிருள்ள ஆட்களாக அறிவித்து, அதிகாரிகள் சிலரைப் பெற்றோர் நிலையில் வைத்தது. பல மாநிலங்களில் ஓடும் ஆற்றுக்கு ஒரு மாநிலத்து அதிகாரி எங்ஙனம் பொறுப்பாவார், வெள்ளச் சேதத்துக்கு யார் ஈடு தருவது என்று அம்மாநில அரசே முறையிட, உச்சநீதிமன்றம் ஜூலையில் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இயற்கை அன்னையை உரிமைகளுள்ள உயிராக அறிவித்தது.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். உயிர் என்னும் பட்டம் மூன்றிலும் உண்டு. இன்னார் பிணை, இன்னது அவர் கடமை என்று பெயர் குறித்துப் பொறுப்பை வகுத்த இடத்திலேயே அப்பட்டம் காலூன்றி நின்றது. வெள்ளச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை ஏளனம் செய்வதற்கில்லை. 1903-ஐ அறிந்த நம் ஊரார் அதை நன்கு உணர்வர். பிணை நிற்பவர் நன்மைக்கு மட்டும் பிணை நிற்க முடியாது.

நம் சமுதாயத்துக்கு இது புதிய ஏற்பாடன்று. வக்ஃபுச் சொத்து யாருக்கும் உடைமையன்று. அது பேசாது, நடக்காது. ஆயினும், அதற்கு ஒரு முத்தவல்லி உண்டு. அதன் பொருட்டு வழக்காடுவார், கணக்கெழுதுவார், கணக்குக் கேட்கப்படுவார். கிணற்றைச் சுற்றி நாற்பது முழம் வரை பிறர் தோண்டாதபடி ஹரீம் என்னும் காப்பெல்லை வகுத்தது ஹனஃபி சட்டம். உயிர் உண்டா இல்லையா என்னும் தத்துவ வழக்கு முடியும்வரை காத்திராமலே, பேசாப் பொருளுக்குப் பிணை நிறுத்தும் வழியை நம் ஃபுகஹாக்கள் அமைத்துவிட்டனர்.

2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் வேலூர் வட்டாரத் தோல் கழிவு வழக்கில் மறுபடியும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு கிடைக்கவும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. நீதிமன்றம் பிணையாளரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கரையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தாலன்றி அத்தேடல் முடிவுறாது.

ஒவ்வொரு மஹல்லாவும் தன் பள்ளிவாசல் கணக்கேட்டில் ஒரு பக்கத்தைத் தன் எல்லைக்குட்பட்ட கிணறுகளுக்கென ஒதுக்கட்டும். ஆண்டுக்கொரு முறை நீரைச் சோதித்து நிறம், சுவை, வாசனையோடு உப்பின் அளவையும் அதில் பதியட்டும். தொழிற்சாலை உடையவரும், அங்கே உழைப்பவரும், கிணற்றடியில் உழுபவரும் ஓரிடத்தில் அமர்ந்து அப்பக்கத்தைப் படிக்கட்டும். வேடனின் பிழைப்பும் மானின் கன்றும் ஒரே பேச்சில் இடம்பெற்ற படலம் நம் காப்பியத்தில் இருக்கிறது. அதைப் பாடிக் கேட்டு மகிழ்ந்த சமுதாயம், அதில் சொல்லியபடி ஓர் ஆற்றுக்குப் பிணை நிற்க வல்லதாகுக. வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.